ஞாயிறும் ஞித்தும் உறவா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 4, 2024

நிமிர்ந்த ஒரு பெட்டி, அதன் நடுவே ஒரு கிடைக்கோடு. சீனத்தில் சூரியனுக்கும் நாளுக்கும் இதுதான் எழுத்து. இதன் பழைய ஒலிப்பு 'ஞித்' என்று படித்தேன். நம்முடைய ஞாயிறும் ஞகரத்தில்தான் தொடங்குகிறது, பொருளும் சூரியன்தான், கிழமைக்கும் அதுவே பெயர். ஜப்பானியர்களும் ஞாயிற்றுக்கிழமையை 'நிச்சியோபி' என்கிறார்கள். இத்தனையும் தற்செயலாக இருக்க வாய்ப்பே இல்லை. தமிழிலிருந்து சீனத்துக்குப் போனதா, இரண்டுக்கும் வேர் ஒன்றா? ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

உறவு இல்லை. ஆனால் நல்ல கேள்வி. பல வருடமாக எனக்குப் பிடித்த எழுத்து இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

ஒரு சொல்லுக்கு வெளியூரில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் அதன் கூடப்பிறந்தவர்களை விசாரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கு மலையாளத்தில் ஞாயர், கன்னடத்தில் நேசர். இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் பழந்திராவிடச் சொல்லில் முதலில் ஞகரம், அடுத்து நெடில், நடுவில் ஒரு மெய், கடைசியில் ஒரு றகரம் இருந்தது தெரிகிறது. சீனச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் திபெத்திய 'ஞிமா', பர்மிய 'நே'. அங்கே அடிச்சொல் ஓரசைதான், திபெத்தியச் சொல்லில் வரும் 'மா' ஒட்டு. நம் றகரத்துக்கோ ஆகாரத்துக்கோ அந்தக் குடும்பத்தில் ஒரு தடயமும் இல்லை. பொதுவாக மிஞ்சுவது முதல் மெய் மட்டும்.

அந்த முதல் மெய்யும் நிற்காது. 'ஞித்' என்பது சுமார் கி.பி. 600ஐ ஒட்டிய இடைக்காலச் சீன ஒலிப்பு. அதற்கும் முன்னால் போனால் அங்கே ஞகரம் கிடையாது, நகரம்தான். சாங் தாய்யான் என்ற அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை வாதாடி நிறுவினார். இன்று பழஞ்சீன ஒலிகளை மீட்டெடுக்கும் பாக்ஸ்டர், சகார் இருவரும் இந்தச் சொல்லுக்கு நகரத்தில் தொடங்கி ககர மெய்யில் முடியும் வடிவத்தைத் தருகிறார்கள், 'நிக்' என்பதுபோல. அதாவது சீனத்தில் நகரம் ஞகரமாக மாறியது. தமிழில் நடந்தது நேர் எதிர்: ஞண்டு நண்டு ஆனது, ஞாயிற்றுக்கு நாயிறு என்ற வடிவமும் உண்டு. எதிரெதிர்த் திசையில் போன இரண்டு சொற்கள் வழியில் ஒரு நிமிடம் ஒரே மாதிரி ஒலித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கிழமை விஷயம் வேறு. அதில் உண்மையான தொடர்பு இருக்கிறது. அது தனியாக.

பிப்ரவரி 5

'அப்படியானால் இந்த எழுத்துக்கு ஜப்பானியர்களின் வாசிப்பான "நிச்சி"யும் கொரியர்களின் வாசிப்பான "இல்"லும் மட்டும் சீனத்தோடு எப்படி உறவு? அவற்றிலும் ஒலி ஒத்துப்போகவில்லையே' என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். உறவுக்குச் சான்று ஒலி ஒற்றுமை அல்ல. ஒலிகள் வேறுபடும்போதும் ஒரே ஒழுங்கில் வேறுபடுவதுதான் சான்று.

இடைக்காலச் சீனத்தில் ஞகரத்தில் தொடங்கும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். சூரியன் 'ஞித்', மனிதன் 'ஞின்', இரண்டு 'ஞி'.

வியட்நாமிய மொழியில் இவை ஏறக்குறைய ஞத், ஞன், ஞி. தென்சீனப் பேச்சான ஹக்காவில் ஞித், ஞின், ஞி. இன்னொரு தென்சீனப் பேச்சான கான்டனீஸில் யத், யன், யி. கொரியனில் இல், இன், இ. ஹொக்கியன் என்ற தென்சீனப் பேச்சில் ஜித், ஜின், ஜி. ஜப்பானியத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசிப்பு: நிச்சியும் ஜித்ஸுவும், நின்னும் ஜின்னும், நியும் ஜியும்.

வரிசையாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு மொழியில் ஞ என்றால் மூன்றிலும் ஞ. இன்னொன்றில் ய என்றால் மூன்றிலும் ய. கொரியனில் முதல் மெய்யே இல்லை என்றால் மூன்றிலும் இல்லை. இந்த ஒழுங்கு மூன்று சொல்லோடு நிற்பதில்லை. காது, மாமிசம், வெப்பம், மென்மை என்று அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் அத்தனையும் இப்படித்தான் போகும். ஞாயிறு எங்கள் உறவு என்று யாராவது நிறுவ வேண்டுமென்றால் இப்படி ஒரு வரிசையைக் காட்ட வேண்டும். ஒற்றைச் சொல் போதாது.

இன்னொன்று. சீனப் பழைய ஒலிநூலார் முதல் மெய்களுக்குப் பெயர் வைத்தபோது, இந்த ஞகரத்துக்கு வைத்த பெயரே இந்தச் சூரிய எழுத்துதான். நாம் ஞகரத்துக்கு 'ஞாயிறு எழுத்து' என்று பெயர் வைத்தால் எப்படியோ அப்படி.

பிப்ரவரி 5, சற்றுப் பின்

மேலே பெய்ஜிங் பேச்சைச் சொல்லவில்லை. அதற்குத் தனி மரியாதை தர வேண்டும். அங்கே இந்த எழுத்துக்கு வாசிப்பு நம் ழகரம். மிகையாகச் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆர் போட்டுவிடுவதால் ஊரெல்லாம் 'ரி' என்கிறார்கள். நாக்கை மேலே வளைத்து, தொடாமல், ழ் என்று நீட்டிப் பிடித்து, கொஞ்சம் காற்றை உரசவிட்டால் அதுதான். பின்னால் வரும் உயிர் இகரம்கூட இல்லை, ழகரத்தையே இழுத்துவிட்டது மாதிரி இருக்கும். மனிதன் என்ற சொல் 'ழன்'. ழகரம் ஒழுங்காக வரும் தமிழருக்கு இது பெரிய சொத்து. இரண்டு என்ற சொல்லில் மட்டும் அந்த ஒலி பின்னால் தாவி 'அர்' என்று ஆகிவிட்டது.

கடைசித் தகர மெய் வடக்கே முழுசாக உதிர்ந்துபோயிற்று. தெற்கே கான்டனீஸிலும் ஹக்காவிலும் ஹொக்கியனிலும் நிற்கிறது.

ஷாங்காய்ப் பேச்சில் இரண்டு அடுக்கும் அருகருகே இருக்கின்றன. அன்றாடப் பேச்சில் நாள் என்று சொல்லும்போது ஞகரம், ஜப்பான் என்ற நாட்டுப் பெயரைச் சொல்லும்போது ஸகரத்தை அதிரவிட்ட ஒலி. முன்னது ஊர்ச்சொல், பின்னது வடக்கின் படிப்பு வாசிப்பு.

பிப்ரவரி 7

இன்று மகளின் பள்ளியில் பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாள். பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். ஜப்பானிய வகுப்பறைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக அன்றைய தேதி, கிழமை, அன்று பொறுப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். இன்று அங்கே இருந்தது: இரண்டாம் மாதம் ஏழாம் நாள், புதன்கிழமை, அன்றைய பொறுப்பு. அந்தச் சின்ன ஓரத்தில் நம் பெட்டி எழுத்து மூன்று தடவை. ஏழாம் நாளில் 'நானோகா' என்பதால் அங்கே வாசிப்பு கா. கிழமையில் 'சுய்யோபி', வாசிப்பு பி. பொறுப்பில் 'நிச்சொகு', அங்கே நிச்சியின் பாதி. ஒரே சுண்ணக்கட்டியால் ஒரே மாதிரி எழுதிய மூன்று பெட்டிகள், மூன்று வாசிப்பு. பிள்ளைகள் ஒருவரும் தடுமாறவில்லை.

இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் வகுப்புக்கென்று வகுத்த 80 எழுத்துகளில் இதுவும் ஒன்று. நாலு கோடு. முதலில் இடப்பக்க நெடுங்கோடு, அப்புறம் மேலே போய் வலப்பக்கம் மடங்கி இறங்குவது ஒரே இழுப்பு, பிறகு நடுக்கோடு, கடைசியில் அடிக்கோடு. அடிக்கோட்டை முன்னாலேயே போட்டு மூடிவிட்டு உள்ளே நடுக்கோடு போட்டால் ஆசிரியர் சிவப்பில் திருத்துவார். பெட்டியை அகலமாகப் போட்டாலும் வம்பு. குட்டையாக, அகலமாக இருந்தால் அது 'சொன்னார்' என்று பொருள்படும் வேறு எழுத்து. உள்ளே ஒரு கோடு கூடிவிட்டால் கண்.

பிப்ரவரி 7, இரவு

எழுத்தின் பிறப்பைக் கேட்டவருக்கு.

இப்போது கிடைக்கும் மிகப் பழைய வடிவங்கள் சீனாவின் ஆன்யாங் பகுதியில் ஆமை ஓட்டிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்பிலும் கீறியவை. ஷாங் அரசர்கள் குறி கேட்டு, கேட்ட கேள்வியை அதிலேயே பொறித்தார்கள். கி.மு. 1250 வாக்கில் தொடங்குகிறது. சூரியன் என்றால் வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி. ஆனால் எலும்பில் கத்தியால் வட்டம் கீறிப் பாருங்கள், வராது. அதனால் அங்கே பெரும்பாலும் மூலை மூலையாக, ஐந்து பக்கத்தோடு, சதுரத்தோடு இருக்கும். அதே காலத்து வெண்கலப் பாத்திரங்களில் நல்ல வட்டம் கிடைக்கும். அங்கே களிமண் அச்சில் எழுதி வார்த்தார்கள், மென்மையான மண்ணில் கை எப்படியும் வளையும். பிற்பாடு மூங்கில் பட்டையில் தூரிகையால் வேகமாக எழுதிய காலத்தில் பெட்டியே நிலைத்துவிட்டது.

நடுப் புள்ளி எதற்கு? வெறும் வட்டமும் வெறும் சதுரமும் வேறு எழுத்துகளுக்குப் போய்விட்டன, அவற்றோடு குழம்பாமல் இருக்கத்தான் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. சூரியனில் காகம் வாழ்கிறது என்ற சீனக் கதையை வைத்து அது காகம் என்பவர்களும் உண்டு. காகக் கதை பழையதுதான். சாங்ஷா அருகே மவாங்துயில் 1972இல் தோண்டிய கல்லறைப் பட்டு ஓவியத்தில் செக்கச்செவேல் வட்டத்துக்குள் கறுப்புக் காகம் நிற்கிறது. ஆனால் அந்தப் பட்டு கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. எலும்பு எழுத்து அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. படத்தை வைத்து எழுத்தை விளக்க முடியாது.

காகத்தை உண்மையிலேயே எழுத்துக்குள் வைத்தவர் பேரரசி வூ. 690ஐ ஒட்டிச் சில எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி புது வடிவம் கட்டளையிட்டார். சூரியனுக்கு ஒரு வட்டத்துக்குள் பறவைபோல் வளைந்த கோடு. 705இல் அவர் ஆட்சி போனதும் பழைய பெட்டி திரும்பி வந்துவிட்டது.

கி.பி. 100இல் ஷு ஷென் தொகுத்த அகராதி இதற்கு முதல் விளக்கமாக 'நிறைவு' என்கிறது. சந்திரன் தேயும், சூரியன் குறையாது என்ற கருத்து. அந்த நிறைவு என்ற சொல்லும் இதனோடு எதுகை வருவது. அந்தக் காலத்து அகராதிக்காரர்களுக்கு ஒலியாலேயே பொருள் சொல்வது வழக்கம். இன்றைய பெய்ஜிங்கில் ஒன்று ழகரம், மற்றது ஷகரம், ஆனாலும் அந்த எதுகை இன்னும் கேட்கிறது.

பிப்ரவரி 8

அலுவலகத்தில் வியட்நாம் தோழி நாளை முதல் தெத் என்ற அவர்களின் புத்தாண்டுப் பண்டிகை விடுமுறையில் ஊருக்குப் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் அவரையும் பக்கத்து இருக்கைக் கொரியரையும் உட்காரவைத்து, ஜப்பான் என்ற பெயரை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னேன். அவர் 'ஞத் பான்', இவர் 'இல்பொன்'. சுற்றியிருந்த ஜப்பானியர்களுக்கு இரண்டும் எங்கோ இருந்து வந்த வேறு வேறு சொற்கள். நான் ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டினேன். அவர் சொன்ன முதல் மெய்க்கு ஜப்பானிய எழுத்தில் நி போட்டு, சின்ன யா ஒட்டிச் சமாளிக்க வேண்டும். நமக்கோ ஞ என்று ஒரே எழுத்து தயாராக இருக்கிறது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் சுத்தமான ஞகரம், கடைசியில் நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டி நின்றுவிடும் தகரம், குரல் கீழே விழுந்து டக்கென்று அடைத்துக்கொள்ளும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சீன ஒலிப்பின் முதலும் முடிவும் அந்த ஓரசையில் அப்படியே இருக்கின்றன. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நாளுக்கு அவர்கள் வீட்டில் சொல்லும் சொல் இதுவல்ல, 'ங்கய்'. சூரியனுக்கு 'மத் சொய்'. சீன வாசிப்பு பிறந்தநாள், நாட்குறிப்பு, நாட்டுப் பெயர் மாதிரிக் கூட்டுச் சொற்களில்தான் வரும். கொரியரும் அப்படியே: தனியாக நாள் என்றால் 'நல்', சூரியன் என்றால் 'ஹே', பிறந்தநாள் என்றால் 'செங்-இல்'.

பிப்ரவரி 9

கொரிய 'இல்'லில் லகரம் எப்படி வந்தது என்று கேட்டவருக்கு. சீனத்தில் தகர மெய்யில் முடியும் சொல்லெல்லாம் கொரியனில் லகரத்தில்தான் முடியும். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை வைத்தே இதைப் பார்க்கலாம். புத்தர் பெயர் சீனத்துக்குப் போய் 'புத்' என்ற ஓரசையாக ஒரு எழுத்தில் அடங்கியது. அது கான்டனீஸில் 'ஃபத்', வியட்நாமில் 'ஃபத்', ஜப்பானில் 'புத்ஸு', கொரியனில் 'புல்'. கியொங்ஜுவில் இருக்கும் புல்குக்சா கோயிலின் முதல் அசை நம் புத்தர்தான். சொல்லிக்கொடுக்காவிட்டால் யாருக்காவது தெரியுமா!

இந்த லகரம் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அரசர் செஜோங்கை உறுத்தியது. கொரிய எழுத்துமுறையை 1446இல் வெளியிட்டவர் அவர். சீனச் சொற்களின் 'சரியான' ஒலியை நிலைநாட்ட 1448இல் ஓர் ஒலி அகராதியும் வந்தது. அதில் இந்த லகரத்துக்குப் பின்னால் தொண்டையை அடைக்கும் குறி ஒன்று சேர்த்து, தகர மெய்போல டக்கென்று நிற்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் மெய்க்கும் அவர்களிடம் எழுத்து இருந்தது, ஒரு சின்ன முக்கோணம். ஸகரத்தை அதிரவிட்ட ஒலி. அந்த ஒலி கொரியப் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டதால் முக்கோணமும் போனது. தொண்டைக் குறியை மக்கள் ஏற்கவே இல்லை. மிஞ்சியது வெறும் 'இல்'.

ஒன்று என்ற சொல்லும் சீனத்தில் தகர மெய்யில் முடிந்ததால் அதுவும் கொரியனில் 'இல்'. மாதத்தின் முதல் தேதி 'இரில்'. கான்டனீஸிலும் இரண்டும் 'யத்', ஆனால் ஒன்று உயர்ந்த குரலில், நாள் தாழ்ந்த குரலில். கொரியனில் குரல் வேறுபாடும் கிடையாது, இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வட கொரியாவை நிறுவிய கிம் இல் சுங் பெயரில் நடுவில் வருவதும் இந்த எழுத்தே. அவர் பிறந்த ஏப்ரல் 15க்கு 1997இல் அங்கே சூரியன் நாள் என்று பெயர் வைத்தார்கள்.

பிப்ரவரி 11

இன்று நல்ல நாள் வாய்த்திருக்கிறது. ஜப்பானில் இன்று நாடு நிறுவப்பட்டதை நினைக்கும் விடுமுறை, அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கிறது. 'இன்று பிப்ரவரி பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள், நாடு நிறுவிய நினைவு நாள்' என்று ஜப்பானியத்தில் எழுதினால் பெட்டி ஆறு தடவை வரும். சத்தமாகப் படித்தால்: கியோ, நிகத்ஸு ஜூஇச்சிநிச்சி, நிச்சியோபி, ஷுகுஜித்ஸு, கெங்கோகு கினென் நோ ஹி.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பதினோராம் நாளில் வரும் நிச்சி பழைய சீன வாசிப்பு, ஐந்தாறாம் நூற்றாண்டில் தென்சீனத்திலிருந்து கொரியத் தீபகற்பம் வழியாக வந்த அடுக்கு. விடுமுறையில் வரும் ஜித்ஸு பிந்தியது, சீனாவைத் தாங் அரசர்கள் ஆண்ட காலத்துத் தலைநகரான சாங்கானின் ஒலிப்பை நேரே போய்க் கற்றுவந்தவர்கள் கொண்டுவந்தது. அதற்குள் வடக்கே ஞகரம் மூக்கொலியை இழக்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் ஒன்றில் நகரம், மற்றதில் ஜகரம். தகர மெய்யில் சொல்லை முடிக்க ஜப்பானியருக்கு வராது, பின்னால் ஓர் உயிரை ஒட்டினார்கள்: ஒரு அடுக்கில் சி, இன்னொன்றில் ஸு.

ஹி ஜப்பானியரின் சொந்தச் சொல். சொல்லின் நடுவில் வரும்போது பி ஆகும். நிச்சியோபி என்ற ஒற்றைச் சொல்லில் முதல் பெட்டி சீனம், கடைசிப் பெட்டி ஜப்பானியம். கா என்பதும் சொந்தச் சொல்லே, நாட்களை எண்ணும்போது மட்டும் வரும்: இரண்டாம் தேதி ஃபுத்ஸுகா, மூன்று மிக்கா, இருபது ஹத்ஸுகா. முதல் தேதி மட்டும் 'த்ஸுய்தாச்சி'. அதில் நாளே கிடையாது, திங்கள் எழுதல் என்று பொருள், அமாவாசை கழிந்து பிறை தலைகாட்டுவது.

இன்று என்பதற்கான 'கியோ' இன்னும் ஒரு படி மேலே. இப்போது, நாள் என்று இரண்டு எழுத்து. கியோவில் எந்தப் பாதி எந்த எழுத்துக்கு என்று பிரிக்கவே முடியாது. மொத்தச் சொல்லை இரண்டு எழுத்தின் மேல் போர்த்தியிருக்கிறார்கள். நேற்று 'கினோ', நாளை 'அஷ்தா', எல்லாம் அப்படியே.

இதையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என் புத்திமதி. எழுத்துக்கு வாசிப்பு என்று படித்தால் ஆயுள் போதாது. சொல்லாகப் படியுங்கள். கரும்பலகை முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அப்படித்தான் படித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12

கிழமை விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே சொன்னது பாக்கி இருக்கிறது.

சீனர்களுக்கு ஆதியில் ஏழு நாள் வாரம் கிடையாது, பத்து நாள் கணக்குதான். கோள்களின் பெயரில் ஏழு நாள் என்ற முறை இந்தியா வழியாகவும், சோக்டியர் என்ற மத்திய ஆசிய வணிகர்கள் வழியாகவும் சீனத்துக்குப் போனது. அதை முறையாகச் சொல்லும் நூலைச் சீனத்தில் தந்தவர் அமோகவச்சிரர், 759இல். அவருடைய குரு வச்சிரபோதி. பல்லவ அரசன் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சியில் இருந்தவர், இலங்கை வழியாகக் கப்பலேறி 720ஐ ஒட்டிச் சீனம் சேர்ந்தவர். குரு இறந்தபின் அமோகவச்சிரரும் இலங்கைக்கு வந்து சில வருடம் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். கேள்வி கேட்டவர் தேடிய தென்னகத் தொடர்பு சொல்லின் வேரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

764இல் அந்த நூலுக்கு யாங் ஜிங்ஃபெங் என்ற சீடர் எழுதிய உரையில் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று என்ன கிழமை என்று மறந்துபோனால் சோக்டியரையோ பாரசீகரையோ இந்தியரையோ கேள், அவர்களுக்கெல்லாம் தெரியும் என்கிறார். கூடவே மூன்று மொழியிலும் கிழமைப் பெயர்களைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறார். ஞாயிற்றுக்கு இந்தியப் பெயர் ஆதித்யா. சோக்டியப் பெயர் மீர், அதைத் தேன் என்று பொருள்படும் எழுத்தால் எழுதினார்கள், ஒலிக்காக மட்டும்.

806இல் கூகாய் என்ற துறவி அந்த நூலை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். அதற்கு இருநூறு ஆண்டு கழித்து ஜப்பானிய அரசவைப் பிரபு ஃபுஜிவாரா நோ மிச்சினகா நாட்குறிப்பு எழுதிய பஞ்சாங்கத்திலும் ஞாயிறுதோறும் அந்தத் தேன் குறி இருக்கிறது. அன்று அது நல்ல நேரம் பார்க்க. ஞாயிற்றை விடுமுறை நாளாக அரசு ஆக்கியது 1876இல்தான்.

இப்போதும் ஜப்பானியக் கிழமைகள் அப்படியே கோள்கள்தான்: சூரியன், சந்திரன், நெருப்பு என்றால் செவ்வாய், நீர் புதன், மரம் வியாழன், பொன் வெள்ளி, மண் சனி. நம் ஞாயிறு, திங்கள், செவ்வாயோடு வரிசை தப்பாமல் ஓடும். கொரியரும் அதையே எடுத்துக்கொண்டார்கள், 'இரியோஇல்'. இன்றைய சீனம் வார எண்ணுக்குப் போய்விட்டது. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று போய் ஞாயிற்றில் மட்டும் சூரியன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வியட்நாமின் 'சு ஞத்' கிறித்தவர்களின் ஆண்டவர் நாள், அதில் சூரியன் என்ற எண்ணமே இல்லை.

பிப்ரவரி 14

ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு பெயரை எடுத்துவிட்டார்கள், எதிர்பார்த்ததுதான். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று அவர் பல்லாண்டு எழுதினார். அவருடைய பழஞ்ஜப்பானியப் புலமைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. காரணம் 5ஆம் தேதி எழுதியதுதான்: ஒலி ஒழுங்கு நிற்கவில்லை. எப்படியானாலும் இந்த இழைக்கு அது உதவாது. நிச்சி சீன இரவல், ஜப்பானியரின் சொந்தச் சூரியன் ஹி. அதன் பழைய ஒலிப்பு பி. ஞாயிற்றுக்குப் பக்கத்தில்கூட வராது.

பிப்ரவரி 17

ஜப்பான் என்ற பெயருக்கு வருவோம், பலரும் கேட்டுவிட்டார்கள்.

607இல் ஜப்பானிலிருந்து சீனப் பேரரசருக்குப் போன கடிதம் 'சூரியன் உதிக்கும் இடத்து வானமைந்தன் சூரியன் மறையும் இடத்து வானமைந்தனுக்கு' என்று தொடங்கியது. அவருக்குக் கோபம். சூரியன் மறைவதற்கல்ல, வானமைந்தன் என்று இன்னொருவர் சொல்லிக்கொண்டதற்குத்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அதுவரை சீனர்கள் அவர்களை 'வா' என்றே எழுதினார்கள். 702இல் போன தூதுக்குழு எங்கள் நாட்டுக்குப் பெயர் இனி சூரிய மூலம் என்று அறிவித்தது. பெட்டி எழுத்து, அடுத்து மூலம் என்ற எழுத்து. அப்போது அரியணையில் இருந்தது சூரியனுக்குப் புது வடிவம் போட்ட அதே பேரரசி வூ.

இந்த இரண்டு எழுத்தை ஒவ்வொருவரும் தம் வாசிப்பில் படித்தார்கள். ஜப்பானில் நித்தும் பொன்னும் சேர்ந்து நிப்பொன். பகரம் மெலிந்து நிஃபொன், பிறகு நிஹொன். 1603இல் நாகசாகியில் இயேசு சபையார் அச்சிட்ட அகராதியில் நிஃபொன், நிப்பொன் இரண்டோடு ஜிப்பொன் என்றும் ஒன்று இருக்கிறது. அது ஜித்ஸு அடுக்கின் வாசிப்பு.

வெளியுலகம் எடுத்துக்கொண்டது சீன வாசிப்பை. மார்கோ போலோ 'சிப்பாங்கு' என்றார், கடைசி 'கு' நாடு என்ற சொல். மலாக்காத் துறைமுகத்தில் போர்த்துகீசியர் கேட்டது மலாய்க்காரர் வாயில் வழங்கிய 'ஜப்பாங்'. அது ஹொக்கியனின் 'ஜித்புன்' போன்ற தென்சீன ஒலிப்பிலிருந்து வந்தது என்பதே பொருத்தமாக இருக்கிறது. 1512க்கும் 1515க்கும் இடையில் தோமே பிரெஸ் 'ஜம்போன்' என்று எழுதிவைத்தார். அங்கிருந்து ஐரோப்பா, அங்கிருந்து நமக்கு ஜப்பான். இலங்கைத் தமிழில் யப்பான். சூரியன் என்ற எழுத்தின் முதல் மெய்தான் நம் ஜகரமும் அவர்களின் யகரமும்.

பிப்ரவரி 18

நிஹொன் தவறு, நிப்பொன்தான் சரி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படிச் சட்டம் ஏதுமில்லை. இரண்டுமே பரவலாக வழங்குகின்றன, ஒன்றாக்க வேண்டியதில்லை என்று 2009இல் ஜப்பான் அமைச்சரவையே பதில் சொல்லியிருக்கிறது. தபால்தலையிலும் ரூபாய் நோட்டு மாதிரி அவர்களின் யென் தாளிலும் நிப்பொன். பேச்சில் நிஹொன்தான் அதிகம் காதில் விழும். டோக்கியோவில் இருக்கும் பாலம் நிஹொன்பாஷி, அதே எழுத்துகளில் ஒசாகாவில் இருப்பது நிப்பொன்பாஷி. ஊர்க்காரர்களிடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்கள்.

பிப்ரவரி 21

கடைசியாக வந்த கேள்வி: இத்தனை வாசிப்பில் ஆட்பெயரில் எது வரும், விதி உண்டா? விதி இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சூரியன், கீழ் என்று இரண்டு எழுத்து எழுதினால் குடும்பப்பெயர் 'குசாகா'. எந்த அகராதியைப் புரட்டினாலும் இந்த இரண்டு எழுத்துக்குத் தனித்தனியே அந்த ஒலி கிடையாது. வசந்தம், சூரியன் என்று எழுதினால் 'கசுகா'.

இது இன்றைய குழப்பமும் இல்லை. ஜப்பானின் மிகப் பழைய நூலான கொஜிகியை 712இல் தொகுத்து முடித்த ஓ நோ யசுமாரோ, முன்னுரையில் தன் எழுத்துமுறையை விளக்குகிறார். பொருளால் எழுதினால் மனசுக்குப் போதவில்லை, ஒலியால் எழுதினால் நீண்டுபோகிறது என்று சொல்லிவிட்டு, எங்கே புரியாதோ அங்கே குறிப்பு போட்டிருக்கிறேன் என்கிறார். அடுத்து இந்தப் பெயரையே எடுத்துக்காட்டாகத் தருகிறார்: குசாகா என்ற குடும்பப்பெயரைச் சூரியன், கீழ் என்று எழுதுகிறார்கள், இந்த மாதிரி வழக்கங்களை இருந்தபடியே விட்டுவிட்டேன், மாற்றவில்லை.